போனில் வொலிபோல் ஆடும் பிள்ளைகள் சொன்னது

கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதானாலும் பரவாயில்லை, ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

"நாங்கள்" என்று இங்கே எழுதுவது, ஆசிரியர் அறையில் பிளேன்டீயோடு இருந்து இதைப் பற்றிப் பேசிய சில பேரை. எங்களில் சிலர் காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறி வருகிறவர்கள். சிலர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பதிவு ஒருவர் கையால் எழுதப்பட்டாலும் கருத்து எல்லோருடையதும்தான்.

சங்கதி இதுதான். தரம் ஒன்பதில் ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின் வாங்கிலிருந்து ஒரு போன் பிடிபட்டது. ஒரு போனைச் சுற்றி ஐந்து தலைகள். பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது, பிடிபட்டால் வாப்பாவோ உம்மாவோ வந்துதான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. போனைக் கையில் வாங்கியபோது எங்களுக்குள் ஒரு பயம். என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்று. திரையைத் திருப்பிப் பார்த்தால் வொலிபோல். அதாவது நமது கரப்பந்தாட்டம். கார்ட்டூன் மாதிரிச் சின்னச் சின்ன ஆட்கள், நடுவில் ஒரு வலை, மேலே பறந்தபடி நின்றுபோன ஒரு பந்து.

போன் ஒழுங்குப்படி அலுவலகத்துக்குப் போனது. அதில் மாற்றமில்லை. ஆனால் கடைசிப் பாடவேளையில் அந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லாததால் எங்களில் ஒருவர் போய் நின்றார். சும்மா இருக்கும் நேரம்தானே என்று, "அப்படி என்னடா இருக்கு அந்த கேமில்?" என்று கேட்டார். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் வாய் மூடவில்லை. வகுப்பில் ஒரு கேள்விக்கும் கை உயர்த்தாத பிள்ளை எழுந்து நின்று கருத்துச் சொன்னது. அடுத்தடுத்த நாட்களில் மற்ற வகுப்புகளிலும் கேட்டுப் பார்த்தோம். அவர்கள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம். கேமின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யும் எண்ணம் இல்லை. இந்த வகையில் பல கேம்கள் இருக்கின்றன, குணமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொன்னார்கள். ஒரு ஆட்டம் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். டேட்டா இல்லாவிட்டாலும் ஓடும். உம்மாவின் பழைய போனிலும் சிக்காமல் ஓடும். பக்கவாட்டில் பார்ப்பது போலத் திரை. ஓட, குதிக்க, அடிக்க என்று நாலைந்து பொத்தான்தான். அதனால் பழகச் சுகம். ஆனால் சரியாக அடிக்க நாட்கணக்காகும். பந்து மேலே போகும்போதே குதித்தால் கை வெறுங்காற்றில் போகும். பிந்திக் குதித்தால் பந்து வலையில். அந்த ஒரு கணத்தைப் பிடித்து அடித்தால் "டம்" என்று ஒரு சத்தம் வரும், திரை அதிரும், எதிர்ப்பக்கத்து ஆள் விழுவான். "சேர், அந்தச் சத்தத்துக்காகத்தான் விளையாடுறோம்" என்றான் ஒருவன். பொய் சொல்லவில்லை. நாங்களும் ஒரு தடவை முயன்று பார்த்தோம். மூன்று தடவை காற்றில்தான் அடித்தோம். நாலாவது தடவை சத்தம் வந்தபோது எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு குறைகளைச் சொன்னார்கள். இங்கேதான் நாங்கள் காது கொடுக்க ஆரம்பித்தோம்.

முதலாவது குறை, கூட்டாளிகள். இந்தக் கேமில் நீங்கள் ஒரு ஆளைத்தான் ஆட்டலாம். மற்றவர்களைக் கம்ப்யூட்டர் ஆட்டும். "நாங்க நல்லா அடிச்சாலும் அவன் பந்தைக் கேவலமாத் தூக்கித் தருவான் சேர். ஏசினாலும் அவனுக்குக் கேட்காது." இன்னொருவன் சொன்னான்: "எனக்கு அடிக்கிறதைவிடத் தூக்கிக் கொடுக்கத்தான் ஆசை. அதற்கு இதில் இடமில்லை." இந்தப் பிள்ளைகள் "ஹைக்கியூ" என்ற ஜப்பான் கார்ட்டூனைப் பார்த்தவர்கள். ஹருயிச்சி ஃபுருடாட்டே என்பவர் 2012இலிருந்து 2020வரை வாரா வாரம் வரைந்த வொலிபோல் சித்திரக்கதை அது. அதைப் பார்த்துவிட்டு, செட்டர் யார், லிபரோ யார், பின்வரிசையிலிருந்து எப்போது அடிக்கலாம் என்பதெல்லாம் எங்கள் பி.ரி. சேருக்குச் சமமாகப் பேசுகிறார்கள். ஒரு நாளும் உண்மையான வலைக்கு முன்னால் நின்றிராத பிள்ளைகள்.

இரண்டாவது குறை, சுற்று. உண்மையான ஆட்டத்தில் சேர்விஸ் நம் பக்கம் திரும்பி வரும்போது ஆறு பேரும் ஒரு இடம் சுற்ற வேண்டும். உயரமானவன் எப்போதும் வலையோரத்தில் நிற்க முடியாது. குள்ளமானவனுக்கும் முன்வரிசையில் நிற்கும் முறை வரும். "இதில் சுத்துறது இல்லை சேர். அதனால அடிக்கிறவன் எப்பவும் அடிச்சிட்டே இருப்பான்." வகுப்பிலேயே குட்டையான பையன் சொன்ன கருத்து இது.

மூன்றாவது, காசு. இதை நாங்கள் கேட்டுத் திடுக்கிட்டோம். நல்ல ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றால் சீட்டிழுப்பு மாதிரி ஒன்றில் இழுக்க வேண்டும். என்ன விழும் என்று தெரியாது. விளையாடி விளையாடிச் சேர்த்ததை வைத்து இழுக்கலாம். பொறுமையில்லாதவர்கள் காசு கொடுத்து இழுக்கலாம். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னது, வாப்பாவின் போனில் போட்ட ரீலோட் முழுவதும் ஒரே இரவில் இதில் போய்விட்டதாம். வாப்பா இன்னும் அது டேட்டாவில் போனது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். "நல்லது விழுந்துச்சா மகன்?" என்று கேட்டோம். "இல்ல சேர், ஏற்கெனவே இருந்த ஆளே திரும்பவும் விழுந்தான்."

பெற்றோரே, இந்த ஒரு விசயத்தில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. காசைக் கொடுத்து, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் இழுப்பதற்கு நமது மார்க்கத்தில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். மார்க்கத்தை விடுங்கள், 2018இலேயே பெல்ஜியம் நாடு, கேம்களுக்குள் காசுக்கு விற்கும் இப்படியான அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. நாம் செய்ய வேண்டியது சின்ன வேலை. உங்கள் போனில் கடவுச்சொல் கேட்காமல் எதையும் வாங்க முடியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். தெரியாவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், இரண்டு நிமிடத்தில் செய்து தருகிறோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வொலிபோல் கேம் என்று தேடினால் வருவதெல்லாம் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடியதல்ல. கடற்கரை வொலிபோல் என்ற பெயரில் பெண்களின் அரைகுறை உடையை விற்பதற்கென்றே செய்த கேம்களும் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கின்றன. ஆகவே "வொலிபோல்தானே" என்று விட்டுவிடாமல் ஒரு தடவை பக்கத்தில் இருந்து பாருங்கள். எங்கள் பிள்ளைகள் ஆடியது அப்படிப்பட்டதல்ல.

சரி, இப்போது எங்களைத் தூங்கவிடாமல் செய்த கருத்துக்கு வருகிறோம்.

ஒரு மாணவி. நன்றாகப் படிக்கும் பிள்ளை. பையன்களெல்லாம் குறை சொல்லி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவங்களுக்கு இது பிடிக்கலன்னா வெளிய போய் விளையாடலாம் சேர். எனக்கு இதுல மட்டும்தான் விளையாடலாம்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்களிடமும் பதில் இருக்கவில்லை.

அவள் பையன்களைப் பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரியல்ல என்பதுதான் இதில் பெரிய சோகம். அவர்களுக்கும் வெளியே போய் விளையாட இடமில்லை. நமது ஊரையே பாருங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் முன்பு முற்றத்தோடு வீடுகள் இருந்தன. இன்று தொடர்மாடிகள். கீழ்த்தளம் முழுவதும் கார்கள். பந்து உருண்டால் காவலாளி வருவார். கொட்டாஞ்சேனையில் தோட்டங்களுக்குள் போனால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் துணி காயும், முச்சக்கரவண்டி நிற்கும், பிள்ளைகளும் ஆட வேண்டும். கிட்டத்திலேயே சுகததாச உள்ளரங்கு இருக்கிறது, பெரிய பெரிய வொலிபோல் போட்டிகள் அங்கே நடக்கின்றன. நமது பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே கால் வைத்திருப்பார்கள்?

பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுமங்களில் மாதத்துக்கு ஒரு குரல்பதிவு வருகிறது. போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது, போனைப் பறியுங்கள் என்று. சொல்பவர்களின் கவலை நியாயமானது. நாங்களும் அந்தக் குரல்பதிவுகளை அனுப்பியவர்கள்தான். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்தது யார்? நாங்கள்தான். வீட்டுப்பாடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். சூம் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கு அழைப்பெடுத்து ஏசினோம். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்த உம்மாமாரை எங்களுக்குத் தெரியும். 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது, இருட்டில் அந்தத் திரைதான் அவர்களுக்கு விளக்கும் விளையாட்டும். கொடுத்ததை இப்போது பறிக்கிறோம் என்றால், அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று அவர்கள் கேட்பார்களா இல்லையா?

எங்களில் கொஞ்சம் மூத்த ஒருவர் ஒரு பழைய கதை சொன்னார். அவர் படித்த காலத்தில் பாடசாலைக் கணினி அறையில் "ப்ளொபி வொலி" என்று ஒரு கேம் இருந்ததாம். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இரண்டு பேர் செய்து இலவசமாகக் கொடுத்தது. ஜெலி மாதிரி இரண்டு உருண்டைகள், ஒரு வலை, ஒரு பந்து. அவ்வளவுதான். காசுமில்லை, சீட்டிழுப்புமில்லை. ஒரே கீபோர்டில் இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன். தோளோடு தோள் முட்டும். தோற்றவன் எழும்ப, வரிசையில் நின்றவன் உட்காருவான். "எதிரி பக்கத்திலேயே இருந்தான். தோற்றா மூஞ்சி தெரியும். அதனால் ஏமாற்றவும் வெட்கம்" என்றார் அவர். இப்போது பிள்ளைகள் தனியாக, ஆளுக்கொரு மூலையில், கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த ஐந்து பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்ததுகூட, கூட்டமாக விளையாட ஆசைப்பட்டதால்தானோ என்று இப்போது யோசிக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறோம். பிள்ளைகள் அந்தக் கேமைப் பற்றிச் சொன்ன குறைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கூட்டாளி பேச்சுக் கேட்பதில்லை. தூக்கிக் கொடுக்க இடமில்லை. முறை சுற்றி வருவதில்லை. காசுள்ளவனுக்கு நல்ல ஆள் கிடைக்கிறான். இந்தக் குறை ஒன்றுமே இல்லாத வொலிபோல் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு வலையும் இரண்டு கம்பமும் போதும்.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதுமல்ல. 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் என்ற வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியர் இதைக் கண்டுபிடித்ததே, கூடைப்பந்து ஓடி ஆட முடியாத, வேலையால் களைத்துப்போன வயது வந்தவர்களுக்காகத்தான். 1916இல் இதே கொழும்புக்கு, வை.எம்.சி.ஏ.க்கு வந்த வோல்டர் கெமக் என்பவர் இதை இலங்கைக்கு அறிமுகப்படுத்தினார். 1991இல் அரசாங்கம் இதை நாட்டின் தேசிய விளையாட்டு என்று அறிவித்தது. பலர் கிரிக்கெட்தான் தேசிய விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் பதில் வந்தது.

எங்களில் ஒருவர் இருக்கும் தொடர்மாடியில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருக்கிறார். வடக்கில் வொலிபோலை "ஓவர்கேம்" என்றும் "செற்றப்" என்றும் இரண்டு வகையாக ஆடுவார்கள். ஊர்விட்டுப் போனவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும்கூட அதை விடவில்லை, அங்கேயும் சுற்றுப்போட்டி வைக்கிறார்கள். அந்த ஐயாவிடம் பிள்ளைகளின் கேமைக் காட்டி, தூக்கிக் கொடுப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, செற்றப்பை மெசினிட்டக் குடுத்திட்டுப் பிறகென்ன வொலிபோல்? அடிக்கிறவனை எல்லாருக்கும் தெரியும். தூக்கிக் குடுக்கிறவன்தான் ரீம்."

இனி இடக் கணக்கைப் பார்ப்போம். வொலிபோல் கோர்ட் நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர். நம்ம ஊர்க் கணக்கில் ஆறரை பேர்ச்சஸுக்குக் கொஞ்சம் குறைவு. சட்டப்படி சுற்றிவர மூன்று மீற்றர் விட்டாலும் 14 பேர்ச்சஸ் சொச்சம்தான். அதில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். கிரிக்கெட்டுக்கோ உதைபந்துக்கோ இந்த இடத்தில் என்ன செய்ய முடியும்? கொழும்பு மாதிரி நெருக்கமான ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எங்களுக்குத் தெரியவில்லை. வலையோ பந்தோ கைக்கெட்டாத விலையுமல்ல. ஒரு கல்யாணத்தில் நாம் போடும் சஹன்களில் சிலவற்றைக் குறைத்தால் அந்தக் காசு தேறும்.

இடம்? இருக்கிறது. நமது பாடசாலை முற்றங்கள் பின்னேரம் பூட்டித்தான் கிடக்கின்றன. சில இடங்களில் விசேஷ நாட்களில் கார் நிறுத்த மட்டும் திறக்கிறோம். காருக்குத் திறக்கும் கேட் பிள்ளைக்கு ஏன் திறப்பதில்லை என்று நாங்கள் எங்களிடமே கேட்டுக்கொண்டோம். காரணங்கள் உண்டு. பொறுப்பாக நிற்க ஆளில்லை, கண்ணாடி உடையும், யாராவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் இவை எல்லாம் நாங்கள் பெரியவர்கள் உட்கார்ந்து தீர்க்கக் கூடிய காரணங்கள்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலான அந்த நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டியூசன் இல்லாத நாளில் அந்த இடைவெளியில் பிள்ளை எங்கே இருக்கிறது? ஒன்று போனில் இருக்கும். இல்லாவிட்டால் சந்தியில் நிற்கும். சந்தியில் நிற்கும் பிள்ளையைத் தேடி யார் யார் வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஐஸும் தூளும் நமது ஒழுங்கைகளுக்கு வந்து எவ்வளவு காலமாகிவிட்டது. எத்தனை வீட்டில் உம்மாமார் அழுகிறார்கள். அந்த நேரத்தில் போனில் பந்தடிக்கும் பிள்ளையைப் பார்த்து, நாங்கள் உண்மையைச் சொன்னால், சில நாள் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் தோன்றுகிறது. அவ்வளவுக்கு வந்துவிட்டது நமது நிலைமை.

அந்த மாணவிக்கு வருவோம். பெண்பிள்ளைகளுக்கு வொலிபோலா என்று இப்போதே சிலர் கமென்ட் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். பொறுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த சம்பவத்தை நாம் எல்லோரும் பயானில் கேட்டவர்கள்தான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் எகிப்து நாட்டின் துஆ அல்-கோபாஷி, ஹிஜாபும் முழுக்கையும் முழுக்காலும் மூடிய உடையோடு கடற்கரை வொலிபோல் ஆடினார். உலகமே பார்த்தது. அதற்கு முன்பே, 2012 இலண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி, உடலைக் கூடுதலாக மூடும் உடையோடு ஆட விதியிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். உடை ஒரு தடையல்ல. பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீற்றர், ஆண்களுக்கு 2.43. கம்பத்தில் கயிற்றை ஒரு சாண் இறக்கிக் கட்டினால் போதும். பெண்பிள்ளைகளுக்கென்று தனி நாள், டீச்சர்மார் பொறுப்பு, கேட் பூட்டு, வெளியாட்கள் இல்லை. இவ்வளவும் செய்த பிறகும் வேண்டாம் என்றால், அந்தப் பிள்ளை போனைத் தவிர வேறு எங்கே போக வேண்டும் என்பதை வேண்டாம் என்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

5 வயதிலிருந்து 17 வயதுவரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணித்தியாலமாவது உடலை வருத்தி இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பிரிவு இல்லை.

பேசிக்கொண்டே இருந்தால் சரிவராது என்று போன வாரம் ஒரு சின்ன வேலை செய்தோம். அதிபரிடம் அனுமதி எடுத்துப் பாடசாலை விட்ட பிறகு முற்றத்தில் ஒரு கயிறு கட்டினோம். ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் கொடிக்கம்பம். வலை இல்லை. களஞ்சிய அறையில் கிடந்த ஒரு பழைய பந்துக்குக் காற்றடித்தோம். போன் கேமில் ராஜாவாக இருந்தவன் முதலில் வந்தான். எங்கே நிற்க வேண்டும், எப்போது குதிக்க வேண்டும் எல்லாம் தெரிகிறது. ஆனால் பந்து கையில் பட்டதும் "ஆ" என்று கத்திவிட்டான். சேர்விஸ் போட்டால் கயிற்றைத் தாண்டவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அரை மணித்தியாலத்தில் எல்லோருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிவந்துபோயிற்று. அந்தக் குட்டையான பையன், சுற்று முறையில் முன்வரிசைக்கு வந்தபோது எல்லோரையும் திரும்பிப் பார்த்தான், ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி. தூக்கிக் கொடுக்க ஆசை என்றவன் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். அரைவாசிப் பந்து மரத்தில்தான் போனது, ஆனாலும் யாரும் அவனை மாற்றச் சொல்லவில்லை. கேமில் கற்றது வீண் என்று சொல்ல முடியாது. ஆட்டத்தின் விதிகளும் எப்போது குதிப்பது என்ற கணக்கும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. தெரியாமல் இருந்தது பந்தின் பாரமும், பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட வேண்டும் என்பதும்தான். "விடு, நான் எடுக்கிறேன்" என்று சொல்லாததால் இரண்டு பேர் முட்டி விழுந்தார்கள். மூன்றாவது தடவை சொன்னார்கள்.

அன்று மாணவிகளை விளையாடவிட எங்களால் முடியவில்லை. முற்றம் திறந்தவெளி, வீதியிலிருந்து தெரியும், டீச்சர்மாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். அந்தப் பிள்ளை படிக்கட்டில் வான் வரும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வான் வந்ததும் போய்விட்டாள். அதைத்தான் இந்தப் பதிவு எழுதும் வரைக்கும் மறக்க முடியவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பெற்றோரே, பிள்ளை போனில் என்ன ஆடுகிறது என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். ஏசுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. "இதில் உனக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேட்டால் நீங்கள் எதிர்பாராத பதில் வரும். காசு போகும் வழியை மட்டும் இன்றைக்கே அடையுங்கள்.

பழைய மாணவர்களே, பள்ளிவாசல் நிருவாகத்தினரே, நலன்விரும்பிகளே, எங்களுக்குத் தேவை ஒரு வலை, இரண்டு கம்பம், மூன்று நாலு பந்து, முற்றத்தின் வீதிப் பக்கத்தை மறைக்கத் தகரமோ பச்சை வலையோ. காசாகத் தர வேண்டாம், பொருளாகத் தாருங்கள். பெயர்ப்பலகை வைக்க மாட்டோம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

வொலிபோல் ஆடத் தெரிந்த பெரியவர்களே, வாரத்தில் ஒரு பின்னேரம் வந்து நில்லுங்கள். எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் சரி. யாழ்ப்பாணத்து ஐயா முழங்கால் வலியோடும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெண்பிள்ளைகளுக்காக, பாடசாலைக் காலத்தில் ஆடிய சகோதரிகள் யாராவது இரண்டு பேர் முன்வந்தால் எங்களுடைய பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உங்களில் இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் உங்களில் சிலருக்கு நாங்கள்தான் படிப்பித்தோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கமென்டில் எழுதுங்கள், பதில் சொல்வோம். உதவ விரும்புகிறவர்கள் பாடசாலை அலுவலகத்துக்கு வாருங்கள். ஆண்பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமை என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை என்று எழுதி, அதற்கு நேரே பொறுப்பாளர் பெயருக்கு இடம் விட்டு, ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.